ஈட்டி முறியாமல் ஈப்போ சேர்ந்த கதை

அண்ணன் பெர்த்துக்குக் குடிபோய் ஒன்பது ஆண்டாகிறது. மலேசியாவில், பினாங்குத் தீவின் ஆயர் ஈத்தாமில் எங்கள் வீட்டுக் கீழறையில் அவருடைய கண்ணாடி அலமாரி மட்டும் போன அன்று இருந்த மாதிரியே இருந்தது. உள்ளே நானூற்றுச் சொச்சம் உருவங்கள். பெரும்பாலானவை கட்டைவிரல் உயரம்கூட இருக்காது. ஈட்டி பிடித்த எலும்புக்கூடுகள், எலும்புக் குதிரை பூட்டிய தேர்கள், பறவைத்தலை வைத்த சிலைப் பூதங்கள் என்று வரிசை வரிசையாக நிற்கும். படிக்கிற காலத்திலிருந்து சம்பளக்காரர் ஆன பிறகும் அவர் வாங்கி, ஒட்டி, ராத்திரி ராத்திரியாக வண்ணம் தீட்டிய படை அது. வார்ஹேமர் என்று, சின்ன உருவங்களை மேசையில் நிறுத்தி ஆடும் போர் விளையாட்டுக்கானது. போன வருடம் அம்மாவுக்கு முட்டிவலி வந்து மாடி ஏற முடியாமல் போனது. கீழறையை அவருக்கு ஒழித்துக் கொடுத்தே ஆகவேண்டும்.

"வித்துடு மா," என்றார் அண்ணன் போனில். "ஆனா ஒண்ணு. வாங்கி அடுக்கி வைக்கிறவனவிட, மேசையில எடுத்து வச்சு விளையாடுறவனுக்குக் குடு."

நான் அந்த விளையாட்டை விளையாடியதில்லை. பாயான் லெப்பாஸில் ஒரு எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் வேலை. பதினொரு மாதத்தில் இருபத்தாறு பொட்டலம் அனுப்பினேன். முதல் இரண்டில் பட்ட அடிதான் மற்ற இருபத்துநாலையும் காப்பாற்றியது. வீட்டில் யாரோ விட்டுப்போன இப்படி ஓர் அலமாரி முன்னால் கை பிசைந்து நிற்பவர்களுக்கு இது பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

கையில் இருப்பது என்னவென்று தெரியாமல் விலை சொல்லக்கூடாது. நான் முதல் வாரம் முழுக்க அண்ணனை போனில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தட்டாகக் காட்டிக் கேட்டேன். அவருடையது டூம் கிங்ஸ் (Tomb Kings, கல்லறை அரசர்கள்) படை. இந்த விளையாட்டைத் தயாரிக்கும் இங்கிலாந்து நிறுவனமான கேம்ஸ் ஒர்க்‌ஷாப், 2015இல் பழைய வார்ஹேமர் ஃபேன்டசியை முடித்துவிட்டு 'ஏஜ் ஆஃப் சிக்மார்' என்று வேறொன்றைக் கொண்டுவந்தது. சதுர அடித்தட்டில் நிற்கும் பழைய படைகளுக்கு மவுசு குறைந்தது. பிறகு 2024 ஜனவரியில் 'தி ஓல்ட் வேர்ல்ட்' என்ற பெயரில் அந்தப் பழைய உலகத்தையே திரும்பக் கொண்டுவந்தார்கள். முதலில் இறங்கிய படைகள் இரண்டு: பிரெட்டோனியா, டூம் கிங்ஸ். அண்ணன் ஒன்பது வருடமாகத் தூசி தட்டச் சொல்லிக்கொண்டிருந்த அதே எலும்புக்கூடுகளுக்கு மறுபடி ஆள் தேட ஆரம்பித்தார்கள். இது தெரியாமல் இருந்திருந்தால், முதலில் கேட்டவரிடம் அலமாரியோடு சேர்த்துத் தூக்கிக் கொடுத்திருப்பேன்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் வாங்குபவர்கள் எல்லாரும் கேட்டது: அடித்தட்டின் அளவு. பழைய எலும்புக்கூட்டு வீரர்கள் 20 மில்லிமீட்டர் சதுரத் தட்டில் நிற்கிறார்கள். புதிய விதியில் 25 மில்லிமீட்டர். "தட்டை மாத்தணுமா, மாத்தியாச்சா?" என்று கேட்பார்கள். அடிக்கோலை வைத்தே படம் எடுத்துப் போட்டுவிட்டால் பாதிக் கேள்வி குறையும்.

அதைவிட முக்கியம், உருவம் எதனால் ஆனது என்பது. அண்ணனின் அலமாரியில் மூன்று வகை இருந்தன: பிளாஸ்டிக், உலோகம், ரெசின் என்ற வார்ப்புப் பிசின். இது விலைக்கு மட்டுமான சங்கதி இல்லை. எது எங்கே உடையும் என்பதே இதில் இருக்கிறது. பிளாஸ்டிக்கை ஒட்டும் பசை இரண்டு துண்டையும் லேசாகக் கரைத்து ஒன்றாக்கிவிடும். அதனால் ஒட்டிய இடம் தாங்கும், ஈட்டி மாதிரி மெல்லிய இடம்தான் முறியும். உலோகத்தை சூப்பர் குளூ போட்டு ஒட்டியிருப்பார்கள். அந்தப் பசை இழுத்தால் தாங்கும், அதிர்ந்தால் விடும். கை, தலை, இறக்கை என்று ஒட்டிய இடத்தில் அப்படியே கழன்று வரும். ரெசினுக்கு அடியும் ஆகாது, சூடும் ஆகாது. வளைந்த ரெசின் வாளை நிமிர்த்த அதைச் சுடுதண்ணீரில் முக்குவார்கள் என்று அண்ணன் சொன்னபோதே, வெயிலில் நிற்கும் கூரியர் வேனுக்குள் அது என்ன ஆகும் என்று எனக்குப் புரிந்தது. 1990களின் பிற்பகுதிக்கு முந்தைய உலோக உருவங்களில் ஈயம் கலந்திருக்கும். அப்படிப்பட்டதைத் தொட்டால் கை கழுவிவிட்டுத்தான் பசியாற வேண்டும். சின்னப் பிள்ளைக்கு என்று கேட்பவரிடம் அதை விற்கக்கூடாது.

விலைக்கு வருகிறேன். விளம்பரத்தில் போட்டிருக்கும் விலையைப் பார்த்து மயங்காதீர்கள். அது ஆசைப்பட்ட விலை. இபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டச் சொல்லிப் பார்க்கலாம். அதுதான் கைமாறிய விலை. அங்கிருந்து இங்கே வரும் அஞ்சல் செலவையும் சேர்த்துப் பாருங்கள். 2024 ஜனவரி 1 முதல், 500 வெள்ளிக்கு (ரிங்கிட்) உட்பட்ட பொருளை வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கினால் 10 விழுக்காடு விற்பனை வரி வந்துவிட்டதால், உள்ளூரில் கிடைத்தால் நல்லது என்று நினைப்பவர்கள் நிறைய. வார்ப்புச் சட்டகத்திலிருந்து பிரிக்காத புதுத் துண்டுகளுக்கு விலை அதிகம். சுமாராக வண்ணம் தீட்டியதற்கு வெறும் உருவத்தைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும், ஏனென்றால் வாங்குபவர் அதைச் சுரண்டி எடுக்கவேண்டும். அண்ணன் தீட்டியவை நன்றாக இருந்தன. இருந்தும் அவர் போட்ட உழைப்புக்கு ஈடாக யாரும் கொடுக்கவில்லை. அதை அவரிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவரே, "அதெல்லாம் நான் அப்பவே அனுபவிச்சிட்டேன் லா," என்றார்.

படம் எடுப்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். காலையில் சன்னலோரம் வெள்ளைத்தாள் விரித்து, முன்பக்கம், பின்பக்கம், அடித்தட்டுக்குக் கீழே என்று எடுத்தேன். உடைந்ததைத் தனிப்படமாக, கிட்ட வைத்து எடுத்தேன். "இருபதில் மூன்றுக்குக் கேடயம் இல்லை, ஒன்றுக்கு ஈட்டி ஒட்டுப்போட்டது" என்று முதல் வரியிலேயே எழுதினேன். தொழிற்சாலையில் ஒரு குறையை நாமே எழுதிக் கொடுத்தால் அது குறிப்பு; வாடிக்கையாளர் கண்டுபிடித்தால் அது புகார். பக்கத்தில் என் பெயரும் தேதியும் எழுதிய சீட்டை வைத்து ஒரு படம் எடுத்தேன். பொருள் உண்மையில் என் கையில் இருக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். முப்பரிமாண அச்சில் எடுத்ததோ, அச்சு வார்த்த நகலோ கலந்திருந்தால் அதையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். அண்ணனின் அலமாரியில் ஒரே ஒரு தேரோட்டி நகல். ஓரங்கள் மழுங்கி, உடம்பில் ஊசிமுனைக் குமிழ்கள் இருந்தன. அதை விற்கவில்லை.

இப்போது முதல் பொட்டலம்.

ஈப்போவில் ஓர் ஆசிரியர் இருபது ஈட்டி வீரர்களும், மூன்று உஷாப்தியும் கேட்டார். உஷாப்தி என்பவைதான் அந்தச் சிலைப் பூதங்கள். பழைய வார்ப்பு, முழுக்க உலோகம், கையில் எடுத்தால் கனக்கும். கட்டுவதற்கு அம்மா வந்து உட்கார்ந்தார். எங்கள் வீட்டில் நவராத்திரிக்குக் கொலு வைப்போம். களிமண் பொம்மைகளை அம்மா வருடா வருடம் பழைய வேட்டித் துணியில் சுற்றி, இடுக்கில் பஞ்சு அடைத்துப் பெட்டியில் வைப்பார். முப்பது வருடத்தில் ஒரு பொம்மைக்கு மூக்கு உடைந்ததில்லை. அந்தக் கைமேல் நம்பிக்கை வைத்து, அதே முறையில் இருபத்துமூன்றையும் சுற்றி ஒரே பெட்டியில் அடுக்கினோம். வெளியே பெரிதாக 'மூடா பெச்சா' (எளிதில் உடையும்) என்று மலாயில் எழுதி ஒட்டினேன்.

மூன்றாம் நாள் ஆசிரியர் படம் அனுப்பினார். ஏழு ஈட்டி முறிந்திருந்தது. இரண்டு பேருக்குக் காலே இல்லை. பஞ்சு நார் ஈட்டி முனையில் மாட்டி, எடுக்கும்போது இன்னும் இரண்டு கையோடு வந்துவிட்டதாம். பாதிப் பணத்தை அன்றைக்கே திருப்பி அனுப்பினேன். அவர் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அண்ணனிடம் சொன்னபோது கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "உஷாப்தியையும் சேத்தா வச்சே? அது சுத்தியல் மாதிரி மா," என்றார்.

அன்று ராத்திரி அம்மாவின் கொலுப் பெட்டியையும் இதையும் பக்கத்தில் வைத்து யோசித்தேன். களிமண் பொம்மை உருண்டு திரண்டது; எங்கே அழுத்தினாலும் தாங்கும். பெட்டி பரணைவிட்டு இறங்குவதும் ஏறுவதும் அம்மா கையால்தான். இந்த வீரன் அப்படியில்லை. அழுத்தம் தாங்கும் இடம் அவனுக்கு ஒன்றே ஒன்று: அவன் நிற்கும் தட்டு. எங்கள் தொழிற்சாலையில் சில்லுகளை அனுப்பும் தட்டுகள் இந்த விதியில்தான் செய்யப்பட்டிருக்கும். உடம்பைப் பிடித்து நிறுத்தும், கால்கம்பிகளை எதுவும் தொடாது. பன்னிரண்டு வருடம் தினமும் பார்த்த தட்டு. வீட்டில் ஒரு பொம்மையைக் கட்டும்போது அது நினைவுக்கு வரவில்லை.

அதிலிருந்து என் முறை மாறியது. தட்டைப் பிடி, உடம்பை விட்டுவிடு.

கைவினைச் சாமான் கடையில் 5 மில்லிமீட்டர் அகலமுள்ள சின்ன வட்டக் காந்தங்கள் வாங்கி, ஒவ்வொரு தட்டின் அடியிலும் ஒன்று சூப்பர் குளூவில் ஒட்டினேன். குளூ ஒருநாள் முழுக்கக் காயவேண்டும். அரைமணியில் அவசரப்பட்டால் காந்தம் டின்னோடு ஒட்டிக்கொண்டு வீரன் தனியாக வருவான். டின் என்றேனே, அது சீனர்களின் நிலாப் பண்டிகைப் பலகாரம் வரும் மூன்கேக் டின். பினாங்கில் எந்த வீட்டிலும் இரண்டாவது கிடக்கும். அலுவலகத்தில் சீனத் தோழிகளிடம் கேட்டதும் பதினாலு சேர்ந்தது. இரும்புத் தகடு என்பதால் காந்தம் பிடிக்கும், சதுரமாக இருக்கும், மூடி இறுகும். அலுமினியமா இல்லையா என்று முதலில் ஒரு காந்தம் வைத்துப் பாருங்கள். வீரர்களை விரற்கடை இடைவெளி விட்டு நிறுத்தினால் யார் ஈட்டியும் யார் முகத்திலும் இடிக்காது. மூடிக்கும் ஈட்டி முனைக்கும் நடுவில் இடம் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் வேறு டின். தட்டில்லாதவை, கழன்ற துண்டுகள் எல்லாம் தனித்தனி ஜிப் பையில், எந்த வீரனுடையது என்று எழுதி. பை டின்னுக்குள் ஆடாமல் ஒட்டுநாடாவால் மூடியின் உட்புறத்தில் ஒட்டிவிடுவேன்.

உலோகம் எப்போதும் தனி டின். கனமானவற்றுக்குக் காந்தம் ஒன்று போதாது, மூன்று நான்கு வேண்டும். அப்படியும் எனக்கு மனம் ஒப்பவில்லை. உலோக உருவங்களை மெல்லிய டிஷ்யூ தாளில் தளர்வாகச் சுற்றி, கனத்த நுரைப்பஞ்சில் அதன் உருவத்துக்குக் குழி வெட்டிப் படுக்க வைத்தேன். தேர்களைப் பிரிக்க முடிந்தவரை பிரித்தேன். குதிரைக்கும் தேருக்கும் நடுவிலுள்ள நுகத்தடிதான் முதலில் போகும். ஒட்டியதைக் கழற்ற முடியாதபோது தேரின் வயிற்றுக்குக் கீழே நுரைத்துண்டு முட்டுக் கொடுத்து, சக்கரம் அந்தரத்தில் நிற்கும்படி வைத்தேன்.

டின்னை நேராக அட்டைப்பெட்டியில் போடக்கூடாது. டின்னைச் சுற்றி ஆறு பக்கமும் நாலைந்து சென்டிமீட்டர் மெத்தை வேண்டும். இங்கேதான் அம்மாவின் வேட்டித் துணி திரும்ப வந்தது. உருட்டிக் கயிறுபோல் திரித்து மூலைகளில் வைத்தால் நாளிதழ்த் தாள்போல் அமுங்கிப்போகாது. அம்மா பழைய துணியைக் கிழித்துத் திரித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். வாங்கியவர்கள் சிலர் துணியைப் பற்றித் தனியாகக் கேட்டார்கள். பெட்டியை மூடிக் காதருகில் வைத்து ஆட்டுவேன். சின்னச் சத்தம் வந்தாலும் பிரித்து மறுபடி கட்டுவேன்.

அப்புறம் போட்டுப் பார்த்தேன். தொழிற்சாலையில் 10 கிலோவுக்குள்ளான பெட்டிக்கு ஒரு சோதனை உண்டு: 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து பத்துமுறை விழவேண்டும். ஒரு மூலை, அந்த மூலையில் சேரும் மூன்று விளிம்பு, பிறகு ஆறு முகம். கிட்டத்தட்ட சாப்பாட்டு மேசை உயரம். விற்க முடியாத உடைசல் வீரர்கள் பன்னிரண்டு பேரை டின்னில் நிறுத்தி, அண்ணன் வீடியோவில் பார்த்துக்கொண்டிருக்க, அம்மா கண்ணை மூடிக்கொள்ள, பத்துமுறை தரையில் போட்டேன். திறந்தபோது பதினொருவர் நின்றுகொண்டிருந்தார்கள். விழுந்தவனின் காந்தம் மட்டும் கழன்றிருந்தது. அவனுக்கும் ஈட்டி முறியவில்லை. கூரியர் கிடங்கின் ஓடும் பட்டையில் உங்கள் பெட்டி தலைகீழாகப் போகும், அதன்மேல் அரிசி மூட்டை விழும் என்றே வைத்துக்கொண்டு கட்டுங்கள். 'மூடா பெச்சா' சீட்டை இயந்திரம் படிக்காது.

இரண்டாவது தவறு வெயிலால் வந்தது. படையின் அதிகாரி உருவங்கள் நாலை, வார்னிஷ் அடித்து இரண்டே நாளில், பபிள் ராப்பால் நேராகச் சுற்றி ஜொகூருக்கு அனுப்பினேன். போய்ச் சேர்ந்தபோது மேலங்கி முழுக்க வட்ட வட்டமாகக் குமிழியின் அச்சு விழுந்திருந்தது. ஓரிடத்தில் வண்ணமே பிளாஸ்டிக்கோடு உரிந்து வந்துவிட்டது. வண்ணம் தீட்டியதன்மேல் பிளாஸ்டிக் நேராகப் படவே கூடாது. நடுவில் டிஷ்யூ தாள், குமிழி வெளிப்பக்கம் பார்த்து. வார்னிஷ் அடித்தால் ஒரு வாரமாவது விட்டுவிடுங்கள். மழைக்காலத்தில், காற்றில் ஈரம் நிற்கும் நாளில் தெளிப்பு வார்னிஷ் அடித்தால் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும், அதைப் பிறகு சரிசெய்வது பெரும்பாடு. அடிக்காமலே விற்பது மேல். ரெசின் உருவங்களைத் திங்கள், செவ்வாயில் மட்டும் அனுப்பினேன். வெள்ளிக்கிழமை கொடுத்தால் வாரக்கடைசி முழுக்க ஏதோவொரு கூரைத்தகடு கிடங்கில் வேகும்.

செலவுக் கணக்கில் ஒன்று பார்க்கவேண்டும். கூரியர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டியின் கொள்ளளவையும் பார்ப்பார்கள். 30, 20, 15 சென்டிமீட்டர் பெட்டியைப் பெருக்கினால் 9000. அதை 5000ஆல் வகுக்கும் நிறுவனத்தில் உங்கள் 700 கிராம் பொட்டலம் 1.8 கிலோவாகக் கணக்காகும். விலை பேசும் முன்பே பெட்டியை அளந்துவிடுங்கள். கடல் தாண்டிய சபா, சரவாக்குக்குக் கட்டணமும் கூடும், நாளும் கூடும். மெத்தையைக் குறைத்துக் கட்டணத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அண்ணனின் மிச்ச வண்ணங்களைச் சேர்த்துக் கேட்டவர்களுக்கு நீரில் கரையும் புட்டிகளை இரண்டு பை போட்டு அனுப்பினேன். தெளிப்பு டப்பாக்களை நேரில் வந்தவர்களுக்கு மட்டும் கொடுத்தேன், அவற்றை விமானத்தில் ஏற்றமாட்டார்கள்.

பணத்தில் ஒருமுறை ஏமாறப் பார்த்தேன். ஒருவர் விலையே பேசாமல் மூன்று தேரையும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, பணம் அனுப்பிய ரசீதின் படத்தை அனுப்பினார். பத்து நிமிடத்தில் ரைடர் வருவார், கொடுத்துவிடுங்கள் என்றார். ரைடர் வாசலில் நின்று ஹாரன் அடிக்கிறார். என் பேங்கு ஆப்பில் ஒரு காசு ஏறவில்லை. "ஏறினதும் குடுக்குறேன்," என்றேன். போன் அணைந்துவிட்டது. பாவம், ரைடருக்கு ஒன்றும் தெரியாது. தண்ணீர் கொடுத்து அனுப்பினோம். ரசீதின் படம் பணம் இல்லை. உங்கள் கணக்கில் ஏறியதுதான் பணம். எதிராளி கொடுக்கும் கணக்கு எண்ணைக் மோசடிப் புகார் வந்த கணக்கா என்று காவல்துறையின் 'செமாக் மூல்' தளத்தில் போட்டுப் பார்க்கலாம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் தேசிய மோசடி உதவி எண்ணான 997க்கு அழைக்கவேண்டும்.

தீவுக்குள் இருந்த ஆள்களை நேரிலேயே வரச் சொன்னேன், பாயான் பாருவில் ஒரு மாமாக் (இந்திய முஸ்லிம்) உணவுக் கடையில். டின்னைத் திறந்து மேசைமேல் வைத்துவிடுவேன். ஒரு பல்கலைக்கழக மாணவர் ஒவ்வொரு வீரனையும் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்தக் கேடயத்தில் இருக்கும் வண்டை யார் வரைந்தது என்று கேட்டார். அந்த இடத்திலிருந்தே அண்ணனைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். முக்கால் மணி நேரம் பேசினார்கள். நான் இரண்டு தே தாரிக் குடித்தேன். அவருக்கு ஐம்பது வெள்ளி குறைத்துக் கொடுத்தேன், அண்ணன் சொல்லாமலே.

தூர ஊருக்குப் போகும் பொட்டலத்தைக் கட்டும்போது வீடியோ எடுத்து வைப்பேன்; வாங்குபவரிடமும் பிரிக்கும்போது எடுக்கச் சொல்வேன். சண்டை வந்தால் யார் பக்கம் என்பதற்காக மட்டுமில்லை. எது எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று பார்த்தால்தான் அடுத்ததை நன்றாகக் கட்ட முடியும்.

பத்தாவது மாதம் ஈப்போ ஆசிரியரிடமிருந்து செய்தி வந்தது. "குதிரைப்படை இன்னும் இருக்காக்கா?" என்று கேட்டிருந்தார். முறிந்த ஈட்டிகளுக்குப் பதிலாக மெல்லிய பித்தளைக் கம்பி வைத்து ஒட்டிவிட்டாராம், படமும் இருந்தது. குதிரைப்படையில் எட்டுப் பேர் இருந்தார்கள். எல்லாருக்கும் இரண்டிரண்டு காந்தம் ஒட்டி, ஒருநாள் காயவிட்டு, இரண்டு டின்னில் நிறுத்தினேன். அம்மா கடைசி வேட்டியைத் திரித்துக் கொடுத்தார். அண்ணனின் பெட்டியில் கிடந்த உபரி ஈட்டிகள் ஒன்பதையும் ஜிப் பையில் போட்டு, மூடிக்கு உள்ளே ஒட்டினேன், பணம் கேட்கவில்லை.

புதன்கிழமை மதியம், வேலையில் இருக்கும்போது அவர் வீடியோ வந்தது. கத்தியால் நாடாவை அறுக்கிறார், துணியை எடுக்கிறார், மூடியைத் திறக்கிறார். பக்கத்தில் ஒரு பையன் ஒன்று, இரண்டு என்று எண்ணுகிற குரல் கேட்கிறது. எட்டில் நின்றது. "எல்லாம் நிக்குதுப்பா," என்கிறான். நான் அதை அப்படியே அண்ணனுக்கு அனுப்பினேன்.